ராகுகாலம் முடியக் காத்திருந்த கூண்டு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை காலை. ஆனைமலைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஓர் ஆற்றங்கரை. வருடத்தையும் ஆற்றின் பெயரையும் சொன்னால் சம்பந்தப்பட்டவர்கள் யார் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களை அவமானப்படுத்த நான் இதை எழுதவில்லை. அவமானப்படுத்துவதானால் முதலில் என் பெயரைத்தான் போட வேண்டும்.

நான் அப்போது கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஆலைக் குடியிருப்பிலேயே வீடு. ஒரே மகள். ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிவிட்டு விடுமுறையில் இருந்தாள். நான் இயல்பிலேயே பயந்தவன். மகள் சைக்கிளில் கடைக்குப் போனால் திரும்பி வரும்வரை கேட் அருகே நிற்பேன். மேலே இருந்து யாராவது கூப்பிட்டு அனுப்பினால், என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டே மாடிப்படி ஏறுவேன். இதைச் சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும்.

எங்கள் குடியிருப்பை ஒட்டி ஓர் அரசு கால்நடை மருத்துவமனை. அங்கே இருந்த பெண் மருத்துவரை நாங்கள் எல்லோரும் டாக்டரம்மா என்போம். முந்தைய வருடம் ஒரு நாள், பக்கத்துக் குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவர் ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்து டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தார். உள்ளே இரண்டு குட்டிகள். தாய் அவருடைய வலையில் மாட்டி, தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிட்டதாம். குட்டிகளைக் கொல்ல மனசு வராமல் கொண்டுவந்துவிட்டார். இரண்டும் நீர்நாய்கள். ஒன்று ஆண், ஒன்று பெண்.

நான் அதற்கு முன் நீர்நாயைப் பார்த்ததே இல்லை. கீரியைப் போல நீள உடம்பு, பூனையைப் போல மீசை, விரல்களுக்கு நடுவே வாத்துக் காலைப் போலச் சவ்வு. ரோமம் அவ்வளவு மென்மை. டாக்டரம்மா வனத்துறைக்கு எழுதி அனுமதி வாங்கி, மருத்துவமனைக்குப் பின்னால் சும்மா கிடந்த சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அவற்றை வளர்த்தார். என் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான் போவாள். சந்தையில் வாங்கிய ஜிலேபி மீனைத் தொட்டியில் போடுவது அவள் வேலை. இரண்டுக்கும் பெயர் வைக்கப் போகிறேன் என்று ஒரு நாள் பட்டியல் எழுதிக்கொண்டு போனாள். டாக்டரம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

"பேரு வெக்காத கண்ணு. பேரு வெச்சா அது உன்னுது ஆயிரும். இதுக ஆத்துது."

அதற்குப் பின் அவர் சொன்னதை மகள் வீட்டுக்கு வந்து எங்களுக்குப் பாடம்போல ஒப்பித்தாள். முன்பெல்லாம் அந்த மலையடிவாரத்து ஆற்றில் நீர்நாய்கள் கூட்டமாக இருந்தனவாம். அந்த ரோமத்துக்காகவே சுட்டுத் தோலுரித்தது பாதி. கிணறு வெட்ட வாங்கிய வெடித்தோட்டாவில் மிச்சத்தை ஆற்றில் போட்டு மீன் பிடித்ததில் செத்தது மீதி. கரையோர மரங்களையும் விறகுக்கு வெட்டித் தீர்த்துவிட்டார்கள். பிறகு வெட்டுவது நின்றது. வனத்துறை கொஞ்சம் நட்டது, மிச்சம் தானாக முளைத்தது. இப்போது நீர்மத்தியும் நாவலும் தண்ணீர்மேல் சாய்ந்து நிற்கின்றன. "காடு வந்தாச்சு, மீனும் வந்தாச்சு. மீனைத் தின்கறதுதான் இன்னும் வல்லை. ஜோடியா உட்டாத்தான் அந்த ஆத்துல மறுபடியும் நீர்நாய் இருக்கும்" என்று டாக்டரம்மா சொன்னாராம்.

குட்டிகள் வளர்ந்தன. டாக்டரம்மா யாரையும் தொட விடவில்லை. என் மகள்கூடச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று மீனை எறிந்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். மனிதன் கையில் மீன் இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியக் கூடாது என்பார். அவள் அதை ஒரு விரதம்போலக் கடைப்பிடித்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

கடைசியாக, வனத்துறை சம்மதத்துடன் இரண்டையும் அந்த ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஆற்றில் கசம் என்கிற ஆழமான மடு ஒன்றின் ஓரமாக, பாதி கரையும் பாதி தண்ணீருமாகக் கம்பி வலை அடித்து ஒரு பட்டி கட்டினார்கள். மூன்று வாரம் அதற்குள் இருந்து, அந்தத் தண்ணீருக்கும் மீனுக்கும் பழகிய பிறகு, பட்டியின் கதவை விடியற்காலையில் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் ஒரு கதவு. திறந்தால் போய்விடும்.

பட்டிக்குக் கம்பி வலையும் இரும்புத் தூணும் கொடுத்தது எங்கள் ஆலை முதலாளி நடத்திய நற்பணி மன்றம். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கொடுத்த கையோடு ஒரு விழாவும் கேட்டார்கள். மன்றக் கூட்டத்தில் டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நானும் அங்கே ஓரமாக நின்றிருந்தேன்.

"பட்டிக் கதவைத் தொறந்து உட்டாப் போதுமுங்க. அதுகளே போயிரும்."

"அது சரிங்க அம்மணி" என்றார் முதலாளி. "அப்பறம் சிறப்பு விருந்தினர் எதைத் தொறப்பாரு? பட்டி தண்ணிக்குள்ள இருக்குது. அவரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கோணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆக, திறப்பதற்கென்று ஒரு கூண்டு தேவைப்பட்டது. அதைச் செய்து தரும் பொறுப்பு எனக்கு வந்தது. உக்கடத்தில் ஒரு பாய் லேத் பட்டறை வைத்திருந்தார். ஆலைக்கு எத்தனையோ வருடமாக அவர்தான் இரும்பு வேலை செய்துகொடுப்பவர். அவரிடம் முதலாளி சொன்னபடியே சொன்னேன். முன்பக்கம் மட்டும் கம்பிக் கதவு. மற்ற மூன்று பக்கமும் மேலேயும் தகரம். தகரத்தில் மன்றத்தின் பெயரைப் பெரிதாக எழுத வேண்டும்.

பாய் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க சார், உள்ளாற உசுரு இருக்கப் போகுதுங்களா, சாமான் இருக்கப் போகுதுங்களா?"

"பேர் எழுதணும் பாய்."

"எழுதறதுக்கு ஒரு பக்கம் பத்தாதுங்களா? சித்திரை வெயில்ல தகரம் தோசைக்கல்லு ஆயிருமுங்க. ரெண்டு பக்கமும் நாலு ஓட்டையாவது போட்டுத் தாரேனுங்க."

"ஓட்டை போட்டா எழுத்துக்கு நடுவுல வரும் பாய். அரை மணி நேரந்தான். விட்டுருங்க."

அவர் விட்டுவிட்டார். நான்கு நாளில் கூண்டு வந்தது. பச்சை எனாமல் பெயிண்ட், அதன்மேல் மஞ்சள் எழுத்து. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விழா நாள். காலை ஏழரைக்கே போய்விட்டோம். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் இல்லாமல் எப்படி? கரையில் சாமியானா போட்டு, மேடை கட்டி, மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. மேடைக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே கொஞ்சம் வெட்டவெளி. அங்கே சிவப்புக் கம்பளம் விரித்து அதன்மேல் கூண்டு. மேடையில் நிழல், நாற்காலியில் நிழல், கூண்டுக்கு மட்டும் வெயில்.

எட்டரை மணிக்குக் கூண்டைப் பட்டிக்குத் தூக்கிப் போனோம். மூன்று வாரமாகப் பட்டியைக் காத்துவந்த வனக்காவலர் உள்ளே இறங்கி, கூண்டுக்குள் மீனைப் போட்டு இரண்டையும் வரவழைத்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. "நம்பி வருதுங்க பாருங்க. அதான் வவுத்தெரிச்சலா இருக்குது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கம்பளம் விரித்த இடம் ஆற்றிலிருந்து இருபது அடி தூரம்கூட இல்லை. ஆற்றில் விடுவதற்காக, ஆற்றிலிருந்தே கூண்டில் தூக்கி வந்து, வெயிலில் வைத்தோம். இப்போது எழுதும்போதுதான் அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று உறைக்கிறது. அன்று அங்கே படித்தவர்கள் மட்டும் நூறு பேர் இருந்திருப்போம்.

ஒன்பது மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் ஆனைமலைக் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார் என்று தகவல் வந்தது. அவரை அழைத்துவரவும், வழியில் நீர்நாயைப் பற்றி அவருக்கு நாலு வார்த்தை சொல்லிக் கொடுக்கவும் டாக்டரம்மாவை ஜீப்பில் அனுப்பினார்கள். மைக்கில் பேச அவருக்கு விஷயம் வேண்டுமே! ஜீப்பில் ஏறும்போது டாக்டரம்மா என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். "நெழலுக்குத் தள்ளி வெய்யுங்க. தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க. மறந்துராதீங்க." நான் தலையாட்டினேன்.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். "நெழல்ல வெச்சா போட்டோ விழுகாதுங்களே" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் முறை கேட்கவில்லை.

தண்ணீர் ஊற்றியது என் மகள். ஆற்றில் வாளியை முக்கி முக்கி எடுத்துவந்து கம்பி வழியாக ஊற்றினாள். ஊற்றும்போதெல்லாம் அவை வாயைத் திறந்து கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றன. நாலைந்து வாளி ஊற்றியிருப்பாள். கம்பளம் நனைந்து, ஓரத்தில் சேறாக ஆரம்பித்தது. முதலாளி மேடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க ஸ்டோர், உங்க புள்ளைங்களா அது? வர்றவரு சேத்துல நடக்கோணுமுங்களா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்கு அதுவே போதும். போய் மகள் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி, மேடைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து இருபதுக்கு விருந்தினர் வந்தார். டாக்டரம்மா ஜீப்பிலிருந்து இறங்கிக் கூண்டை நோக்கி வேகமாக வந்தார். பாதி வழியில் அவரை மறித்து மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். கூண்டின் கம்பிப் பக்கம் கூட்டத்தைப் பார்த்து இருந்தது. மேடையிலிருந்து பார்த்தால் பின்பக்கத் தகரமும் மன்றத்தின் பெயரும்தான் தெரியும்.

வரவேற்பு, பொன்னாடை, மாலை, போட்டோ. அது முடியும்போது முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மைக் அருகே நின்றிருந்ததால் அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"அடடா, பத்தரை ஆயிப்போச்சுங்களே. வெள்ளிக்கெழமை."

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். விருந்தினர் பெருந்தன்மையாகக் கையசைத்தார். "அதுக்கென்னங்க, பேச்சையெல்லாம் முன்னாடி முடிச்சுக்கலாம். தொறக்கறதைப் பன்னெண்டுக்கு மேல வெச்சுக்கலாம்."

டாக்டரம்மா எழுந்தே நின்றுவிட்டார். "ஏனுங்க, அதுகளுக்கு ஏதுங்க ராகுகாலம்? இப்பவே உட்டுரலாமுங்க. தயவு பண்ணி..."

"உக்காருங்க அம்மணி" என்றார் முதலாளி. "நல்ல நேரத்துல போனாத்தானே அதுகளும் நல்லாப் பொழைக்கும்!"

கூட்டம் கைதட்டியது. சத்தியமாகக் கைதட்டியது. டாக்டரம்மா உட்காரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஒருவர் பேசினார். இயற்கையின் அருமை பற்றிப் பேசினார். இன்னொருவர் வாயில்லா ஜீவன்களிடம் காட்ட வேண்டிய கருணை பற்றிப் பேசினார். வாயில்லா ஜீவன்கள் அவருக்கு எதிரே, பத்தடி தூரத்தில் கத்திக்கொண்டிருந்தன. நீர்நாயின் குரல் கிட்டத்தட்ட விசில் மாதிரி இருக்கும். கூர்மையானது. மைக்கையும் மீறிக் கேட்டது. பேசியவர் நிறுத்தி, "அவுங்களும் வாழ்த்துரை வழங்கறாங்க" என்றார். அதற்கும் சிரிப்பு.

நான் கூண்டுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தகரத்தில் கை பட்டுவிட்டது. சுரீர் என்று சுட்டது. புதுப் பெயிண்ட் வாடை வந்தது. பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. வந்தும் நான் ஒன்றும் செய்யவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தானே, இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

பதினொன்றேகால் இருக்கும். விசில் நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அப்பாடா, இனி முதலாளி நம்மைப் பார்க்க மாட்டார் என்று நினைத்தேன். மகளிடம் குனிந்து, "பாரு, அமைதியாயிருச்சு. தூங்குதுக" என்றேன்.

"தூங்கலீங்கப்பா" என்றாள். "கத்தறதுக்கு முடியலீங்கப்பா."

"சும்மா இரு."

அவள் சும்மா இருக்கவில்லை. என் பக்கத்திலிருந்து நகர்ந்து, கம்பளத்தின்மேல் நேராக நடந்து போனாள். யாரோ பூச்செண்டு கொடுக்கப் போகும் பிள்ளை என்று நினைத்திருப்பார்கள், யாரும் தடுக்கவில்லை. கூண்டின் முன்னால் மண்டியிட்டாள். தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்தாள். சூட்டில் கையை உதறிக்கொண்டாள். பாவாடையால் பிடித்து மறுபடி இழுத்தாள். கதவு திறந்தது.

பெண் நீர்நாய் வெளியே விழுந்தது. தடுமாறி எழுந்தது. வலதுபக்கம் திரும்பி, நாற்காலிகளின் கால்களுக்கு நடுவே ஓடி, கரைச் சரிவில் உருண்டு, தண்ணீருக்குள் போனது. பெண்கள் அலறினார்கள், யாரோ நாற்காலியோடு சாய்ந்தார். மைக் கீச்சிட்டது.

ஆண் வரவில்லை.

நான் ஓடினேன். கூண்டிடம் இல்லை, மகளிடம். அவளை எழுப்பி, அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். அதுவரை அவளை நான் அடித்ததே இல்லை. பிறகு மேடையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கோங்க, சின்னப் புள்ளைங்க, தெரியாமச் செஞ்சுபோட்டா" என்றேன்.

அவள் அழவில்லை. "தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றாள். எனக்கு மட்டும் கேட்கும்படி.

டாக்டரம்மா மேடையிலிருந்து குதித்துத்தான் வந்தார் என்று நினைக்கிறேன், படியில் இறங்கியதை நான் பார்க்கவில்லை. கூண்டுக்குள் கையை விட்டு ஆணை வெளியே இழுத்தார். அது துணிபோலத் தொங்கியது. சேலையோடு ஆற்றில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துத் தலையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினார். என் மகளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வனக்காவலரும் போனார். நான் போகவில்லை. எனக்குக் கம்பளத்தைச் சரிசெய்யும் வேலை இருந்தது.

கொஞ்ச நேரம் அதன் விலா ஏறி இறங்கியதாம். பிறகு நின்றுவிட்டதாம். நீர்நாய் ஆற்றுக்கு வந்து சேர்ந்தது, செத்துப்போக.

இத்தோடு முடிந்திருந்தால்கூட நான் இவ்வளவு ஆத்திரப்பட மாட்டேன். முடியவில்லை. விழா தொடர்ந்தது! மிச்சம் இருந்த இரண்டு பேரும் பேசினார்கள். பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் ஆனதும், விருந்தினர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். போட்டோக்காரர் கூண்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். கதவு திறந்து கிடந்தால் திறப்பதுபோல் எப்படிப் படம் எடுப்பது?

"ஸ்டோர், அதைச் சித்த சாத்துங்க" என்றார் முதலாளி.

நான் சாத்தினேன். உள்ளே ஒன்றுமில்லாத கூண்டின் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டேன். விருந்தினர் சிரித்த முகத்தோடு அதைத் திறந்தார். படம் எடுத்தார்கள். கைதட்டினார்கள். அங்கிருந்து பார்த்தால் ஆற்றில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவின் முதுகு நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. இரண்டு நீர்நாய்கள் ஆற்றில் விடப்பட்டன என்று போட்டிருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வழக்கம்போல், என்ன தப்போ என்று யோசித்துக்கொண்டே படியேறினேன். "ஏற்பாடெல்லாம் பிரமாதமுங்க ஸ்டோர்" என்றார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செத்ததைப் பற்றியும் கேட்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். தொழிலாளர் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பார். கண் சிகிச்சை முகாம் நடத்துவார். அங்கிருந்த யாருமே கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் சேர்ந்துதான் கொன்றோம்.

வீட்டில் மகள் ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், அம்மாவோடு பேசினாள். ஆறாம் நாள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அறைந்ததைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்பா, வெறும் கூண்டுக்கு எதுக்குங்கப்பா மறுபடியும் தாழ்ப்பாள் போட்டீங்க?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு உக்கடத்துக்கு பஸ் ஏறினேன்.

உக்கடம் பாயிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போய் நடந்ததைச் சொன்னேன். நான் சொன்னேனே என்று அவர் என்னைத் திட்டுவார், அப்படியாவது மனசு ஆறும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் லேத்தை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எம்மேல தப்புங்க சார்" என்றார். "நீங்க வேண்டான்னு சொன்னாலும் நான் ஓட்டை போட்டிருக்கோணுமுங்க. இரும்பு எப்படிச் சுடும்ன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமல்லங்க."

அந்த விஷயத்தில் தப்பு தன்னுடையது என்று வாய்விட்டுச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். எச்சரித்தவர். மற்ற அத்தனை பேரும், நான் உட்பட, இன்னொருவர் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம். அங்கேயே அவரிடம், "இல்லை பாய், தப்பு என்னுது" என்றேன். அதை நான் முதல்முறையாகச் சத்தமாகச் சொன்னது அப்போதுதான். வீட்டுக்கு வந்து மகளிடமும் சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அவ்வளவுதான்.

மழைக்காலம் முடிந்து, அவளையும் கூட்டிக்கொண்டு அந்தக் கசத்துக்குப் போனேன். வனக்காவலர் ஒரு பாறையைக் காட்டினார். மேலே மீன் செதில்களும் எச்சமும் காய்ந்து கிடந்தன. "பொட்டை இங்கதானுங்க இருக்குது. அந்தி நேரத்துல விசிலடிக்கும். பதிலுக்கு அடிக்கத்தான் ஒண்ணும் இல்ல" என்றார். நாங்கள் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குக் கேட்கவில்லை. அடுத்த வருடம் அவருக்கும் மாறுதல் வந்துவிட்டது, டாக்டரம்மாவும் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பின் அந்தப் பெண் நீர்நாய் என்ன ஆனது என்று சொல்ல யாரும் இல்லை. மலைமேலிருந்து எங்கிருந்தோ ஓர் ஆண் இறங்கி வந்திருக்கும் என்று மகள் நம்புகிறாள். வந்திருக்கட்டும்.

போன மாதம் அவள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. நாலு வருடம் ஓடிவிட்டது, அவள் இப்போது பிளஸ் ஒன். நான்கு மணிக்கு வர வேண்டிய விருந்தினர் வரவில்லை. நடன உடை போட்ட சின்னப் பிள்ளைகளை மேற்கு வெயிலைப் பார்த்தபடி மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். முதலில் சிணுங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கியது. பக்கத்தில் இருந்த ஒரு தகப்பனார், "பரவால்லீங்க, டிசிப்ளினா நிக்கறாங்க" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். மேடையருகே இருந்த ஆசிரியையிடம் போய், பிள்ளைகளை நிழலுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். "விருந்தினர் இதோ வந்துருவாருங்க சார், பக்கத்துல வந்துட்டாரு" என்றார். நான் இரண்டாம் முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்கவில்லை. குழாயடியில் இருந்த வாளியை நிரப்பி எடுத்துக்கொண்டு வரிசைக்குள் போய்விட்டேன். பிள்ளைகள் கலைந்து வாளியைச் சுற்றிக்கொண்டார்கள். ஒழுங்கு கெட்டுவிட்டது என்று யாரோ மைக்கில் கத்தினார். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு வாளி வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால் என் மகள். டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று என் மனைவி சொல்கிறாள், எனக்கு அதில் நிச்சயம் இல்லை. ஆனால் அடைபட்ட ஓர் உயிர் கத்துவதை நிறுத்தினால் அது நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும் மனிதனாக மறுபடி நான் ஆகிவிடக் கூடாதே என்ற பயம் மட்டும், மற்ற எல்லாப் பயங்களையும்விடப் பெரிதாக, இன்றும் என்னோடு இருக்கிறது.